பெயர் கேட்ட படகு

மாலே
12 ஜனவரி 1993

உடன்பிறந்த லாத்தா ஜுலைகாவுக்குத் தம்பி இல்யாஸ் எழுதுவது. ஸலாம். அல்லாஹ்வின் கருணையால் இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே ஹிகந்தூவில் நீங்களும் உங்கள் கோழிகளும் மாசி மீன் அவிக்கும் அடுப்பும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

ஒரு நல்ல சேதி. துறைமுகத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த வேலை முடிந்தது. கடலோரக் காவலின் ஏழாம் எண் ரோந்துப் படகில் என்னைப் போட்டுவிட்டார்கள். மேல்தட்டில் தொலைநோக்கியோடு நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வேலை. “சம்பளம் வாங்கிக்கிட்டு வேடிக்கை பாக்குறவன்” என்று சமையற்காரர் மூசா என்னைக் கேலி செய்கிறார். படகு பழையது. இன்ஜினைக் கிளப்பும்போது வயதானவர் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் வரும். பிறகு நன்றாகவே ஓடும்.

முதல் பயணமே ஒரு தேடல். வடக்குத் தீவு ஒன்றிலிருந்து சூரை பிடிக்கப் போன தோணி திரும்பவில்லை. கிழக்கே போனோம், போய்க்கொண்டே இருந்தோம். ஒரு பகலில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. லாத்தா, அப்படி ஒரு கடலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. மேகம் தலைக்கு மேலேயும் இருந்தது, காலுக்குக் கீழேயும் இருந்தது. எங்கள் படகு ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது போல இருந்தது. அந்த வெளுப்பில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பறவை என்று நினைத்தேன். கிட்டப் போனால் தோணி. பாயை அவிழ்த்துக் கூரையாகக் கட்டி, அந்த நிழலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்து கத்தவில்லை. கனவில் வந்தவர்களைப் பார்ப்பது போல எங்களைப் பார்த்தார்கள்.

எங்கள் கேப்டன் குனிந்து, “என்ன வேணும் காக்கா, தண்ணியா, சாப்பாடா?” என்று கேட்டார்.

அவர்களில் மூத்தவர் கொஞ்சம் யோசித்தார். “மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருக்கோம். மீனும் கிடக்குது. வெத்திலை இருக்கா?”

மூசா தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் வெற்றிலையை வாயில் போட்டு நாலு தடவை மென்ற பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

அந்தத் தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நல்ல மனிதர்கள். கவலைப்பட வேண்டாம்.

உங்கள் துஆவை என்றும் வேண்டும் தம்பி,
இல்யாஸ்

ஹிகந்தூ
9 பிப்ரவரி 1993

கண்ணான தம்பி இல்யாஸுக்கு ஜுலைகா லாத்தாவின் ஸலாம். நான் நலம். தீவும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா? மூசா என்பவர் உப்பைக் கூடப் போடுகிறவரா, குறையப் போடுகிறவரா? அதை எழுதவில்லையே.

உன் கடிதத்தைக் கிணற்றடியில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். வெற்றிலை கேட்ட மனிதர் வந்த இடத்தில் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பிறகு ஒருவருக்கொருவர் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். தீவுத் தலைவர் வீட்டு ஷபீனாவும் இருந்தாள். அவருடைய தங்கை மகள்தான், வளர்ந்து நெடுநெடுவென்று நிற்கிறாள். தலைவரே இரண்டு முறை என் வாசலுக்கு வந்து உன்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார். நீ என்ன சொல்கிறாய்? பதினேழு வயது மூத்தவள் நான், உனக்கு உம்மாவும் நான்தான், வாப்பாவும் நான்தான். என் இரண்டு புருஷன்களையும் நானே தேடிக்கொண்டேன், இரண்டும் சரிப்படாமல் தலாக் ஆயிற்று. உனக்காவது நல்லதாகப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு அதிசயம் நடக்கிறது. மாலையில் விளக்கேற்றினால் சுடரைச் சுற்றி ஒரு வானவில் வட்டமாக நிற்கிறது. உள்ளே நீலம், வெளியே சிவப்பு. துறையில் நிற்கும் தோணி விளக்குகளுக்கும் ஆளுக்கொரு வானவில். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினால், “எங்கே? எங்கேடி?” என்கிறாள். அவளுக்கு ரசனை என்பதே கிடையாது.

மாசி அடுப்பில் புகை அதிகம். கண் எரிகிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

ஷபீனாவைப் பற்றி எழுது.

உன்னைப் பொத்திப் பொத்தி வளர்த்த,
லாத்தா

மாலே
28 மார்ச் 1993

அன்பில் குறையாத லாத்தாவுக்கு இல்யாஸின் ஸலாம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். உடம்பு சுகம். மூசா உப்பை மறந்தே போகிறவர். அங்கே புகை குறைந்ததா?

ஊரில் எல்லோரும் நாங்கள் திருடர்களைத் துரத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நோயாளிகளைச் சுமப்பதுதான் அதிகம். போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தோம். மருத்துவமனை வரை அந்தக் குழந்தைக்குப் பொறுமை இல்லை. விடிந்துகொண்டிருந்த நேரம். கேப்டன் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நாங்கள் எல்லோரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிச் சுவர் மாதிரி நின்றோம். கடல் முழுக்க ரோஜா நிறம். தூரத்தில் ஒரு மணல்திட்டு, முந்தின மாதம் அங்கே இல்லாதது, புதிதாகத் தண்ணீருக்கு வெளியே வந்து வெள்ளையாகக் கிடந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. எங்கள் கேப்டன், நாற்பது பேரை அதட்டி மேய்க்கிற மனிதர், “பொறந்துடுச்சு, பொறந்துடுச்சு” என்று எங்கள் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் நெடுநாள் நோயில் கிடந்து காலமாகிவிட்டார். போகிறதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அவருக்காக துஆ செய்யுங்கள்.

இப்படிக்கு,
இல்யாஸ்

ஹிகந்தூ
25 ஏப்ரல் 1993

தம்பி இல்யாஸுக்கு லாத்தாவின் ஸலாமும் துஆவும். நான் நலம் என்று எழுதுகிறேன், நீ நலம் என்று நம்புகிறேன்.

குழந்தையைப் பற்றி எழுதினாய், மணல்திட்டைப் பற்றி எழுதினாய், ஷபீனாவைப் பற்றி ஒரு வரி இல்லை. சரி, வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். தலைவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இனிமேல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. காகிதத்தை மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?

இந்த வருஷம் காலையில் கடல் மேல் மூடுபனி. அந்தப் பனிக்குள்ளிருந்துதான் தோணிகள் ஒவ்வொன்றாக உருவாகி வருகின்றன. முதலில் பாய், அப்புறம் முகப்பு, கடைசியாகத்தான் ஆள். பார்க்க அத்தனை அழகு. நேற்று இதைச் சொன்னேன் என்று மீனவர்கள் சிரிக்கிறார்கள். “எந்தப் பனி, ஜுலைகா? வெயில் மண்டையைப் பிளக்குது!” என்கிறான் ஒருவன். எல்லாம் முரட்டு ஜென்மங்கள்.

சில நாள் இடது பக்கம் தலைவலி வருகிறது. ஈரத்துணி கட்டினால் போய்விடும். நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியது ஒன்றுமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிரு.

உன்,
லாத்தா

மாலே
10 ஜூன் 1993

லாத்தாவுக்கு ஸலாம். நலம். உங்கள் தலைவலி தேவலையா?

எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன், போதுமா பாருங்கள். அதனால் செய்தி கொஞ்சமாகத்தான் கொள்ளும்.

ஷபீனா விஷயத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அவள் மேல் குறை ஒன்றுமில்லை. காரணத்தை நேரில் சொல்கிறேன். தென்மேற்குக் காற்று பலமாக இருக்கிறது, படகு கரையில் நிற்கவே இல்லை. விடுப்பு கிடைக்கும்போது வருகிறேன்.

என் மேல் வருத்தம் வேண்டாம்.

இல்யாஸ்

ஏழாம் எண் படகிலிருந்து
3 ஜூலை 1993

என் லாத்தாவுக்கு. இந்தக் கடிதத்தை வேறொருவர்தான் உங்களுக்குப் படித்துக்காட்டுவார். உங்கள் வலி குறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே துஆவோடு எழுதுகிறேன்.

அன்று நடந்தது பாதிக்கு மேல் உங்களுக்கு நினைவிருக்காது.

தெற்கே ரோந்தில் இருந்தோம். விடிகாலையில் வானொலியில் அழைப்பு வந்தது. ஹிகந்தூவில் ஒரு பெண், கண்ணில் பொறுக்க முடியாத வலி, வாந்தி, பார்வை போய்விட்டது. அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. நம் தீவில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிமிஷமே எனக்கு விளக்கைச் சுற்றி நின்ற வானவில் ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னால் வெயிலில் விழுந்த மூடுபனி. பெரிதாக எழுதச் சொன்னது. ஒவ்வொன்றாக வந்து நின்றன. நான் கடலைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், லாத்தா. நீங்கள் மூன்றையும் எழுதினீர்கள். நான் அழகாக இருக்கிறது என்று படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

தண்ணீர் வற்றியிருந்ததால் படகு பவளத்திட்டைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. உங்களைச் சின்னத் தோணியில் கிடத்தி, ஊர்ப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஷபீனாதான் உங்கள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் குனிந்து உங்களைத் தூக்கினேன்.

“யாரு தூக்குறது?” என்று கேட்டீர்கள்.

“நான்தான் லாத்தா.”

“இல்யாஸா? கேப்டன்கிட்ட சொல்லு, திரும்பி ஒரு எட்டுப் போகணும். கோழிக்கு இன்னும் இரை வைக்கலை.”

அதற்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசவில்லை. உம்மாவோடு பேசினீர்கள். பகல் முழுக்கப் பேசினீர்கள். பாய் விரிக்கட்டுமா, கருவாட்டை உள்ளே எடுத்து வைக்கட்டுமா, தம்பி தூங்கிட்டான், மெதுவாப் பேசு என்று. நான் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருங்கடல் வழியில் அலை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உங்கள் குரல் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. நான் தொட்டிலில் கிடப்பதாகவும் நீங்கள் வாசலில் நிற்பதாகவும் எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. இன்ஜின்காரர் கீழேயிருந்து வந்து, “இதுக்கு மேல இன்ஜினை விரட்டினா கிழம் மூச்சை விட்ரும்” என்றார். கேப்டன் என்னைப் பார்த்தார். “விரட்டு” என்றார்.

அந்தி மங்கும் வேளையில் மாலே வந்தோம். உங்களை இறக்கியதும் எங்களுக்கு அடுத்த உத்தரவு வந்துவிட்டது. மேற்கே ஒரு சரக்குக் கப்பல் இன்ஜின் நின்று மிதக்கிறதாம். மருத்துவமனைக் கதவு வரைக்கும்தான் என்னால் வர முடிந்தது.

உங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். பெயர் வஹீதா. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் மகள். அவளை நம்பலாம்.

இல்யாஸ்

மாலே, மருத்துவமனை
14 ஜூலை 1993

தம்பி இல்யாஸுக்கு ஜுலைகாவின் ஸலாம். நான் சொல்லச் சொல்ல வஹீதா எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, வாய் என்னுடையது. நீ சுகமா? கடல் அடங்கியதா?

முதலில் கெட்ட சேதி. இடது கண் போய்விட்டது. மருத்துவர் இந்தியாவிலிருந்து வந்தவர், நம் பாஷையைக் கூழாங்கல் மெல்லுவது போலப் பேசுகிறார். ஆனால் கை மெத்தென்று இருக்கிறது. வலது கண்ணும் அதே வழியில் போகப் பார்த்ததாம். உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு வாசல் திறந்து விட்டிருக்கிறார், கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிவதற்கு. கட்டு அவிழ்த்த பிறகுதான் தெரியுமாம். இரண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கட்டுக்குள் இருட்டாக இருக்கும் என்றுதானே நினைப்பாய்? இல்லை. பால் கலந்தது போல ஒரு வெளிச்சம். அதில் நம் துறை தெரிகிறது, யாரும் இல்லாமல், தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக. சில நேரம் நான் அந்தத் தண்ணீரில் நடந்து போகிறேன். கால் நனைவதில்லை. எங்கிருந்தோ கருதியா வாசனை வருகிறது. வஹீதா மீன் ரசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து திறந்திருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிகிறது.

இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத மாட்டேன் என்கிறாள், நான் அதட்டி எழுத வைக்கிறேன். நடந்து வருகிற சத்தமே கேட்காது. சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது முள் ஒன்றுகூட இருக்காது. என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னிவிட்டாள். என் தலையை இன்னொருத்தர் சீவி எத்தனை காலமாயிற்று.

நேற்று கேட்டேன். “ஏம்மா, உனக்குப் புருஷன் இருக்காரா?”

“முதல்ல ஒருத்தர் இருந்தாரு, சரிப்படலை. இப்ப இருக்குறவரு கடலுக்குப் போயிருக்காரு” என்றாள்.

“மீனுக்கா?”

“இல்லை, வேற வேலை.”

“நல்லா வெச்சுக்குறாரா?”

“நல்லவருதான். கொஞ்சம் பயந்த ஆளு.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

பதில் எழுது. இவளே படித்துக்காட்டுவாள்.

லாத்தா

லாத்தா நன்றாகச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். உங்கள் சாம்பல் நிறச் சட்டையைத் தைத்து வைத்திருக்கிறேன். வஹீதா.

ஏழாம் எண் படகிலிருந்து
30 ஜூலை 1993

அன்பு லாத்தாவுக்கு ஸலாம். ஒரு கண்ணைக் காப்பாற்றிக் கொடுக்கும்படி ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சுகம்.

அந்தச் சரக்குக் கப்பலை வேறொரு இழுவைக் கப்பல் வந்து பிடித்துக்கொள்ளும் வரை பக்கத்திலேயே காவல் நின்றோம். அது பவளத்திட்டு மேல் போய் மோதாமல் பார்க்க வேண்டும். அதிலிருந்த ஆட்கள் என்ன பாஷை என்றே தெரியவில்லை. மாலையானால் அவர்கள் பாடுவார்கள். பதிலுக்கு மூசா பாடுவார். அந்தப் பாட்டுக்கு இந்தப் பாட்டு எந்த விதத்திலும் பொருந்தாது. ஆனால் இரண்டும் தண்ணீர் மேல் வந்து கலக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

இப்போது தெற்கே போகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டு அவிழ்க்கும் நாளில் என்னால் அங்கே இருக்க முடியாது.

வீட்டுக்காரர் மகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவர் செய்யும் உதவியை மறக்க மாட்டேன்.

இல்யாஸ்

மாலே
14 ஆகஸ்ட் 1993

இல்யாஸுக்கு. ஸலாம்.

என் கையால் எழுதுகிறேன். வலது கண் தெரிகிறது. வரி மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை வஹீதா படித்தாள். கப்பல்காரர்கள் பாடினதைச் சிரித்துக்கொண்டே படித்தாள். ‘வீட்டுக்காரர் மகளுக்கு’ என்ற இடத்தில் குரல் நின்றது. தண்ணீர் குடிப்பது கேட்டது. பிறகு அந்த வரியை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் படித்து முடித்து, காகிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். “லாத்தா, உங்க தம்பி நன்றி சொல்லியிருக்காரு” என்றாள்.

அவள் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவள் துணியில் நம் வீட்டுச் சாம்பிராணி வாசனை, நான் உனக்குக் கொடுத்தனுப்பியது. என்னை லாத்தா என்று கூப்பிட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாமல் நிக்காஹ் முடித்தாயே என்று அந்தப் படுக்கையில் கிடந்து அழுதேன், கட்டு நனைகிறது என்று மருத்துவர் திட்டினார். நானும் கண்ணைப் பற்றி உனக்குச் சொல்லவில்லைதான். சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயந்தேன். அதனால் என்னை ஏமாற்றியதை மன்னித்துவிடுகிறேன்.

ஆனால் என் எதிரில் அவளை அவள் வாயாலேயே யாரோ ஒருத்தி ஆக்க வைத்தாயே. அது எனக்குச் சகிக்கவில்லை.

கட்டு அவிழ்த்ததும் முதலில் பார்த்தது அவள் முகம்தான். மெலிந்திருக்கிறாள். அழுதிருக்கிறாள்.

தீவுத் தலைவருக்கு ஆள் அனுப்பிவிட்டேன், என் தம்பிக்கு வீடு அமைந்துவிட்டது என்று. சேதி கேட்ட ஷபீனா பாட்டுப் பாடிக்கொண்டே கிணற்றுக்குப் போனாளாம். அவளுக்கும் உன் மேல் ஆசையொன்றும் இருக்கவில்லை போலிருக்கிறது.

எனக்குப் பதில் எழுதாதே. உன் எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கண் இன்னும் தெளியவில்லை, என்ன எழுதினாலும் அவள்தானே படிக்க வேண்டும்.

ஜுலைகா

ஏழாம் எண் படகிலிருந்து
6 செப்டம்பர் 1993

லாத்தாவுக்கு ஸலாம். எழுதாதே என்றீர்கள், மூன்றாவது முறையாக எழுதுகிறேன். வஹீதாவுக்கும் தனியாக எழுதினேன். இரண்டு பேரிடமிருந்தும் ஒரு சொல் இல்லை. கண் எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது யாராவது சொல்லுங்கள்.

அவள் வாப்பா படுக்கையில் கிடந்து என் கையைப் பிடித்து, “நான் போறதுக்கு முந்தி இவளை ஒருத்தன் கையில குடுத்துட்டுப் போகணும்” என்றார். நான் பரிதாபப்பட்டுச் சம்மதிக்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவருக்கு மூச்சு இருக்கும்போதே இரண்டு சாட்சிகளை வைத்து நிக்காஹ் நடந்தது. உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் ஷபீனாவைப் பற்றிய உங்கள் கடிதம் எதிரில் கிடந்தது. நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அப்படியே. கடலில் வழிதவறிய தோணிக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள், கரை தெரிகிற தூரத்தில்தான் இருந்தோம், திரும்பலாம் திரும்பலாம் என்று இருந்துவிட்டோம் என்று.

படகில் உள்ளவர்களுக்கும் தெரியாது. யாரிடமும் சொன்னதில்லை.

இல்யாஸ்

ஏழாம் எண் படகிலிருந்து
9 அக்டோபர் 1993

ஹிகந்தூவில் இருக்கும் லாத்தாவுக்கும் வஹீதாவுக்கும் ஸலாம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அலை படுத்தியதா? இரண்டு பேரும் சுகம் என்று ஒரு வரி அனுப்புங்கள்.

அன்று நடுக்கடலில் கையசைத்துப் பிரியும்போது, லாத்தா, நீங்கள் கத்திக் கேட்டீர்கள், “எங்களைப் பாத்ததும் என்னடா நினைச்சே?” என்று. இன்ஜின் சத்தத்தில் என் பதில் உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

தெற்கே போகும் தோணிகளை நிறுத்திச் சோதனை போடச் சொல்லி உத்தரவு. கடத்தல் சரக்கு போகிறதாம். அன்று காற்றில்லை. ஒரு பாய்த்தோணி தூரத்தில் அசையாமல் நின்றது, தண்ணீரில் நிற்கிறதா, அதற்கு மேலே நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி. தொலைநோக்கியில் பார்த்தேன். அரிசி மூட்டைகளின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள். ஒருத்தி வெற்றிலை மடித்து இன்னொருத்தியின் வாயில் வைத்தாள். யாரோ அக்கா தங்கை, ஊருக்குப் போகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்த பிறகுதான் முகம் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தும் உங்களை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கலைந்துவிடுவீர்கள் என்று இருந்தது.

“என்ன சரக்குன்னு பாத்துச் சொல்லு” என்று கேப்டன் என்னைத்தான் தோணிக்கு அனுப்பினார். நான் தாவி இறங்கியதும் லாத்தா செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஒற்றைக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோணிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிறாற்போல, “நல்லாச் சோதனை போடுங்க சார். மாலேயிலேர்ந்து ஒரு பொண்ணைக் கடத்திக்கிட்டுப் போறேன். யாரோ வீட்டுக்காரர் மகளாம், கேக்க ஆளில்லாமக் கிடந்தா” என்றீர்கள்.

வஹீதா, நீ என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போது மேலேயிருந்து கேப்டன் ஒலிபெருக்கியில் கேட்டார். “இல்யாஸ், பொம்பளைங்க ரெண்டு பேரும் யாரு? பேரைக் கேட்டுச் சொல்லு.”

மூசா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். இன்ஜின்காரரும் வந்து நின்றார். எல்லோரும் விளிம்பில் வரிசையாக நின்றார்கள். காற்றில்லாத அந்தக் கடலில் மெல்லச் சொன்னால்கூடக் கேட்டிருக்கும். ஆனால் நான் கத்தினேன்.

“ஒருத்தங்க எங்க லாத்தா, ஜுலைகா! இன்னொருத்தி வஹீதா, என் பொண்டாட்டி!”

பிறகு கேப்டன் கேட்டார். “எவ்வளவு நாளா?”

“மார்ச்சிலேர்ந்து, சார்!”

“அடப்பாவி, விருந்து எங்கடா?” என்று மூசா அங்கிருந்தே கரண்டியை வீசுவது போல ஓங்கினார். படகே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள், வஹீதா, நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். “சத்தமாச் சொல்லத் தெரியுதே உங்களுக்கு” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

காற்று எழுந்து உங்கள் தோணி போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நான் மேல்தட்டில் என் இடத்தில் போய் நின்றேன். பாய் சின்னதாகி, வெளுத்து, வானத்தின் நிறத்துக்கே வந்து, கடைசியில் எது பாய், எது வெயில் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. நான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கேப்டன் பக்கத்தில் வந்து நின்றது தெரியவில்லை.

“இல்யாஸ்,” என்றார், “கடல் அந்தப் பக்கம் மட்டுமா இருக்கு?”

அப்புறம் அவரே தொலைநோக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “கீழ போய் விடுப்புக்கு எழுதிக் குடு. அது வரைக்கும் நான் பாத்துக்குறேன்” என்றார்.

அடுத்த சரக்குத் தோணியில் வருகிறேன். கோழிகளுக்கு ஸலாம். இரண்டு பேருடைய துஆவையும் கேட்கும்,

ஜுலைகாவின் தம்பி, வஹீதாவின் கணவன்,
இல்யாஸ்